பிரஷ் படக்கூடாத பலகை

என் வீட்டுக்காரர் பேடில் போர்டை மூன்றாவது தடவையாகக் கழுவிக்கொண்டிருந்தார்.

வாசலெல்லாம் ஷாம்பு நுரை. தண்ணீரில் நின்றபடி துடுப்புப் போடுகிற அந்தக் காற்றடைத்த நீலப் பலகை பதினோரு அடி நீளத்துக்கு நடுவில் கிடந்தது. காற்றைக்கூட இன்னும் இறக்கவில்லை.

"குளத்துத் தண்ணி. அம்புட்டும் அசிங்கம்," என்றார், நான் ஒன்றும் கேட்காமலேயே.

அதில் பொய்யில்லை. வடமதுரை ரோட்டை ஒட்டிய எங்கள் ஊர்க் குளத்தில் மாடு குளிப்பாட்டுவார்கள். கறிக்கடைக்காரர்கள் கோழிக்குடலை மூட்டையாகக் கட்டி அதில்தான் எறிவார்கள். கரையோரம் டயப்பர் ஊறி உப்பிப்போய் மிதக்கும்.

அவர் திண்டுக்கல்லில் அறிவியல் வாத்தியார். பெண் பார்க்க வந்தபோது என்னை அரை மணி நேரம் பார்த்தார். இந்தப் பலகையை வாங்க நான்கு மாதம் பார்த்தார்.

அகலம் முப்பத்திரண்டு அங்குலம் இருந்தால்தான் ஆடாதாம். கனம் ஆறு அங்குலம் வேண்டுமாம். காற்று பம்பு முள்ளில் பதினைந்தைத் தொடவேண்டும். குறைந்தால் நடுவில் தொய்யும், கூடினால் ஒட்டு விடும். சோறு தின்னும்போதும் இதே பேச்சுதான்.

பலகை வீட்டுக்கு வந்த பிறகு சட்டங்கள் போட்டார். வெயிலில் போடக்கூடாது. ஈரத்தோடு மடிக்கக்கூடாது. முக்கியமாக, பிரஷ் படவே கூடாது. மேலே ஒட்டியிருக்கிற மெத்தை உரிந்துவிடும்.

இப்போது அவர் கையில் இருந்தது துணி துவைக்கிற பிரஷ்.

இன்று காலையில் பூசை முடிந்ததும் குளத்தில் மகள் டெய்சியை அதில் ஏற்றி விட்டார். பதினோரு வயது. எங்களுக்கு ஒரே பிள்ளை. காலில் மாட்டுகிற கயிறும் மிதவைச் சட்டையும் போட்டோவில் அசிங்கமாகத் தெரிகிறது என்று கழற்றச் சொன்னவரும் அவர்தான். நானும் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

ஒரு காற்று அடித்தது. பலகை ஒரு பக்கம் போனது, பிள்ளை ஒரு பக்கம் விழுந்தாள்.

மண் அள்ளிய பள்ளம் அது. அவருக்கும் நீச்சல் தெரியாது, எனக்கும் தெரியாது. கரையில் நின்று அலறினோம்.

பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு ஒருவர் குதித்தார். முங்கி முங்கித் தேடினார். பிள்ளையைத் தூக்கிப் பலகையில் போட்டு, அதைத் தள்ளிக்கொண்டே கரைக்கு வந்தார். பலகை மேலேயே முட்டிபோட்டு என்னவோ செய்தார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

டெய்சி தண்ணீரைக் கக்குகிற சத்தம் கேட்ட பிறகுதான் கண்ணைத் திறந்தேன்.

பவுல்ராஜ். தெற்குத் தெருக்காரர். பதினைந்து வருஷமாக அவருக்கும் எங்களுக்கும் ஒரே கோயில், ஒரே பூசை. அவர்கள் வீட்டார் கடைசியில் உட்காருவார்கள். திருவிழாச் சப்பரம் எல்லாத் தெருவும் சுற்றும். தெற்குத் தெரு முனைக்கு வந்ததும் திரும்பிவிடும்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என் வீட்டுக்காரர் பலகையைத் தூக்கிக் காரில் கட்டிக்கொண்டிருந்தார்.

"பிள்ளைக்குச் சூடா எதாச்சும் குடுங்கம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு, சட்டையைப் பிழிந்துகொண்டே பவுல்ராஜ் போய்விட்டார்.

டாக்டரிடம் காட்டி, நெஞ்சில் கோளாறு ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டு வீட்டுக்கு வந்தோம். வந்ததும் டெய்சியைக் குளிக்கச் சொன்னார். குளித்துவிட்டு வந்தவளை மறுபடியும் போய் டெட்டால் ஊற்றிக் குளிக்கச் சொன்னார். குளத்துத் தண்ணீர்தானே, நல்லதுதான் என்று நானும் நினைத்தேன்.

ஆனால் ஐப்பசியில் குளம் நிரம்பியதிலிருந்து அரை வருஷமாக, ஞாயிறு தவறாமல் இதே குளத்துக்குத்தான் போகிறார். அதே மாடு, அதே கோழிக்குடல், அதே டயப்பர். வந்ததும் பலகையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவார். துண்டால் ஒற்றி நிழலில் சாய்த்து வைப்பார். அவ்வளவுதான்.

இன்றைக்குத்தான் மூன்று தடவை.

அதுவும் முழுப் பலகையை இல்லை. கைப்பிடிக்குப் பக்கத்தில், பவுல்ராஜ் முட்டிபோட்டிருந்த இடத்தைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தார். மெத்தை ஓரம் பொரிபொரியாக உரிந்து நுரையோடு ஓடியது.

"பிரஷ் படக்கூடாதுன்னீங்களே," என்றேன்.

அவர் இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

டெய்சி தலையில் ஈரம் சொட்டச் சொட்ட வெளியே வந்தாள். அவர் தேய்க்கிற இடத்தையே செத்த நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை குளித்த குளிரில் உதடு நீலம் பாரித்திருந்தது.

"அப்பா, அந்த மாமா என் வாயில வாய வச்சு காத்து ஊதுனாராம்ல. பல்லு வெளக்குனா போயிருமாப்பா?"

பிரஷ் நின்றது.

"சீ, என்ன பேச்சு இது" என்று அதட்டுவார் என்று பார்த்தேன். கொஞ்சம் கூசிப்போவார் என்றுகூட எதிர்பார்த்தேன்.

அவர் யோசித்தார்.

குளத்து நாற்றம் எப்போதோ போய்விட்டிருந்தது. ஷாம்பு வாசனைதான் அடித்தது. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.