உயிருக்கு ஓர் இடதுகை

ஸைனுலாப்தீனின் உயிருக்கு விலை ஓர் இடதுகை. அதற்கு ஒரு சதமும் குறையாது என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். ஜெமீலாவின் காக்கா ஜவாஹிர் குசினி வாசலில் நின்று, தங்கச்சியிடம் அந்தச் செய்தியை இறக்கிவைத்தார்.

போன மாதம் அவரும் ஜெமீலாவும் கணவனும் மனைவியுமாகத் திருகோணமலை டவுனுக்குப் போய்வந்த பலன் இது. அவளுக்கு விடாத இருமல், அவருக்கு இடது மணிக்கட்டில் ஒரு கட்டி. டொக்டரம்மா இருவரையும் விட்டுவைக்காமல் சோதித்திருந்தார்.

புற்றுநோய்தான், ஆனால் ஆரம்பம் என்றார் ஜவாஹிர். இப்போதே வெட்டினால் தப்பலாம். விட்டால் சிலருக்கு அது ஆயுள் முழுக்க அசையாமல் கிடக்கும், சிலரை இரண்டே வருடத்தில் கொண்டுபோய்விடும். இது எந்த ரகம் என்று இப்போது எவராலும் சொல்ல ஏலாது.

ஜெமீலா வியாபாரி வீட்டுப் பெண். ஒரு விரலோடு முடியாதா, ஆறு மாதம் பொறுத்தால் என்ன என்று பேரம் பேசிப் பார்த்தாள். படியவில்லை. துணி அளக்கிற கை போனால் கடை என்ன ஆகும் என்று யோசித்தாள். கையில்லாத கணவனையும் கணவனில்லாத வீட்டையும் நிறுத்துப் பார்த்தாள்.

“வெட்டட்டும் காக்கா. அவருக்குச் சொல்லாதீங்க, சொன்னா வரமாட்டார்.”

“முழிச்சுப் பாத்து ஏசினா?”

“ஏசட்டும். ஏசுறதுக்கு ஆள் இருக்குமே.”

கட்டியைக் காட்டத்தான் என்று அவரிடம் சொல்லி, வியாழக்கிழமை மூவரும் டவுன் ஆஸ்பத்திரிக்குப் படகேறக் கிண்ணியாத் துறைக்கு வந்தார்கள். கணவருக்காக அன்று நோன்பு பிடிக்கும்படி ஜவாஹிர் சொல்லியிருந்தார், அவளும் பிடித்திருந்தாள். பாண் ரொட்டிக்கும் வரிசை நிற்கிற அந்தப் பஞ்ச நாளிலும் துறையடிக் கடையில் புட்டும் மீனாணக் குழம்பும் கிடைத்தன. ஸைனுலாப்தீன் தலை நிமிராமல் சாப்பிட்டார். ஒன்றும் தெரியாத மனிசன் என்று ஜெமீலா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

ஆஸ்பத்திரியில் தாதி மரியமலர் நேரே ஜெமீலாவிடம் வந்தாள். விடிந்ததிலிருந்து தண்ணியும் குடிக்கவில்லைத்தானே என்று கேட்டாள். நோன்பு என்றாள் ஜெமீலா. நல்லதாய்ப் போயிற்று என்று தாதி வெள்ளை அங்கியொன்றை அவள் மடியில் வைத்தாள்.

“இதைப் போட்டுக்கொண்டு படுங்கோ அம்மா. இடது மார்புதானே?”

ஜெமீலா கணவரைப் பார்த்தாள். அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். கூடப் பிறந்தவரைப் பார்த்தாள். அவர் ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்தார்.

“என்னட்ட ஒரு வார்த்தை கேக்கல்லயே காக்கா.”

“கேட்டனே தங்கச்சி. விலை பேசி முடிச்சது நீதான்.”