கையில் மிஞ்சிய அரிசி

கரியாலூரில் ஓர் ஓட்டு வீட்டு வாசல். பந்தலின் ஓலை இடுக்கில் இறங்கும் பிற்பகல் வெயில் வேடியப்பனின் முகத்தில் புள்ளிபுள்ளியாகக் கிடக்கிறது. நெற்றியில் ஒற்றை ரூபாய், மூக்கில் பஞ்சு, தாடையைச் சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணி. சீரியலில் இன்று அவன்தான் பிணம். தலைமாட்டில் சென்னை நடிகை மாரில் அடித்துக்கொண்டு அழுகிறாள். அவனுடைய நிஜ மனைவி கலையரசி, வாய்க்கரிசி போடும் கூட்டத்தில் ஒருத்தியாக வரிசையில் நகர்கிறாள். நைனார்பாளையத்திலிருந்து வேனில் வந்த இருவருக்கும் இதுதான் முதல் ஷூட்டிங். அசையாமல் படுக்க யார் வருவது என்று காலையில் உதவி இயக்குநர் கேட்டபோது ஆண்களெல்லாம் பின்வாங்கினார்கள். "எங்க வூட்டுக்காரரு படுப்பாருங்க" என்று கை தூக்கியவள் அவள்தான். டிவியில் அவன் முகம் பெரிதாக வருமே என்கிற ஆசை. இப்போது அவள் முறை. குனிகிறாள். மூடிய இமைக்கு அடியில் விழி உருள்வது தெரிகிறது. அரிசியைப் பிடித்த அவள் விரல்கள் பிரியவில்லை. மூடிய கையை அவன் வாயருகே ஆட்டிவிட்டு நகர்கிறாள். கேமரா நடிகையின் கண்ணீரில் இருக்கிறது.

"கட்." யாரோ பஞ்சையும் தாடைத் துணியையும் எடுக்கிறார்கள். பிணமாகப் படுத்தவர் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் எழ வேண்டும்; அது ஷூட்டிங் சாங்கியம். "அண்ணே, சிரிங்க" என்கிறார் உதவி இயக்குநர். வேடியப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. கூட்டத்தில் கலையரசியைத் தேடுகிறான். அவள் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக் காட்டுகிறாள். அதைப் பார்த்து அவனும் சிரிக்கிறான். எல்லோரும் கைதட்டுகிறார்கள். அவள் தட்டவில்லை.

நெற்றியில் காசின் தடத்தோடு அருகில் வருகிறான். "கேமராவுல மூஞ்சி நல்லா வுழுந்துதா?"

"ம்."

"கையில இன்னா வெச்சிக்கினு கீற?"

வியர்வையில் ஊறிய அரிசி உள்ளங்கையில் ஒட்டிக்கிடக்கிறது. கீழே கொட்ட மனம் வரவில்லை. வீட்டுக்கும் கொண்டுபோக முடியாது.

"ஒண்ணுமில்ல" என்று கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்கிறாள்.