இரண்டாவது சாவி

பூட்டு உடையவில்லை. கல்லாவில் யாரும் கை வைக்கவில்லை. தேய்க்க வந்த துணிகளில் ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனாலும் யாரோ உள்ளே வந்து போயிருக்கிறார்கள். தேய்ப்பு மேஜைக்கு முன்னால் நின்று அவள் கடையைச் சுற்றிலும் பார்த்தாள்.

சூடாக இருக்க வேண்டிய இஸ்திரிப் பெட்டி ஜில்லென்று கிடந்தது. பிளக் பிடுங்கப்பட்டு, ஒயர் ஒழுங்காகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. மேஜைக்கடியில் அவள் குவித்திருந்த துணி மூட்டை எதிர்ச்சுவர் ஓரத்துக்குப் போயிருந்தது. இது முதல் முறையும் அல்ல.

மதியம் சாப்பிடப் போகும்போது அவள் பெட்டியை அணைப்பதில்லை. ஆறிப்போனால் மறுபடி சூடேறும்வரை யார் கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்பது?

தெருவில் அவளுக்குப் பெயர் 'டிகிரி'. வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதித்தவள். படித்து முடித்து, வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் கையை விரித்த பிறகு இந்தச் சலவைக் கடையைப் போட்டாள். "டிகிரி, என் பேன்ட்டுக்குக் கோடு நேரா விழணும்" என்று நக்கலடித்தவருக்கு ஒரே காலில் இரண்டு கோடு போட்டுக் கொடுத்ததும் உண்டு.

இந்தக் கடையும் போனால் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. வீட்டில் சொன்னால், அம்மா கடைக்கே பூட்டுப் போட்டுவிடுவாள்.

சந்தேகம் நேராக எதிர்க்கடைச் சாவிக்காரரிடம் போய் நின்றது. அவள் சாவியைத் தொலைத்தபோது புதுச் சாவி வெட்டிக் கொடுத்தவர் அவர்தான். ஒன்று வெட்டியவருக்கு இரண்டு வெட்டத் தெரியாதா? போதாக்குறைக்கு, இந்த இடத்தைத் தன் மச்சானுக்காகக் கேட்டு, கிடைக்காமல் ஏமாந்தவரும் அவரே. அன்றிலிருந்து பூட்டைக் குடைந்துகொண்டே இந்தக் கடையைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நேற்று டீக்கடையில் அவரும் பக்கத்துக் கடை டெய்லர் அக்காவும் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் கப்பென்று வாயை மூடினார்கள். அதற்குள் ஒன்று மட்டும் அவள் காதில் விழுந்துவிட்டது.

"இவ ஒருத்தியால நம்ம எல்லாருக்கும் நஷ்டம் வரப்போகுது."

டெய்லர் அக்கா, பெட்டியை அணைத்துவிட்டுப் போ என்று ஏற்கெனவே ஒருமுறை புத்தி சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவள். தீ விபத்துக்குப் பாலிசி எடுத்திருக்கிறேன், எரிந்தால் கம்பெனிக்காரன் கொடுத்துவிட்டுப் போகிறான், நீங்கள் உங்கள் மிஷினைப் பாருங்கள் என்று டிகிரி அப்போதே முகத்தில் அடித்தாற்போலச் சொல்லியிருந்தாள்.

அதற்காகக் கம்பெனிக்காரனை நம்பினாள் என்றும் இல்லை. பாலிசி விற்க வந்த ஏஜென்ட், தெருவே தன்னிடம்தான் எடுத்திருக்கிறது, இந்தக் கம்பெனிக்குத் தனி முதலாளி கிடையாது, விபத்தில்லாத வருஷம் மிச்சப் பணம் சந்தா கட்டியவர்களுக்கே திரும்பி வரும் என்று அளந்துகொண்டே போனான். முதலாளி இல்லாத கம்பெனியா, யார் காதில் பூ சுற்றுகிறாய் என்று கேட்டாள். சந்தா மற்ற இடங்களைவிடக் குறைவு என்பதற்காக மட்டும் கையெழுத்துப் போட்டாள். மீதி விளக்கத்தைக் கேட்க அவளுக்குப் பொறுமை இல்லை.

மறுநாள் மதியம் பெட்டியைச் சூட்டிலேயே விட்டு, ஷட்டரை இழுத்துப் பூட்டி, சாப்பாட்டுக்குப் போவதுபோலப் போக்குக் காட்டினாள். பக்கத்துச் சந்தில் சுற்றிப் போய்ப் பின்கதவு வழியாக உள்ளே வந்து, கொடியில் தொங்கிய போர்வைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

ஷட்டர் மெல்ல உயர்ந்தது. குனிந்து உள்ளே வந்தவர் சாவிக்காரரேதான். கல்லாப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே பெட்டியிடம் போனார். பிளக்கை நோக்கிக் கை நீண்ட மாத்திரத்தில் அவர் காலர் அவள் பிடியில் இருந்தது.

"மாட்டுனீங்களா? வேலியே பயிரை மேயுதா?"

அவள் போட்ட சத்தத்தில் தெருவே திரண்டது. ஆளுக்கு நாலு கேள்வி கேட்பார்கள், போலீசைக் கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்த்தாள். முன்னால் வந்த டெய்லர் அக்கா அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"பிளக்கைப் புடுங்கிட்டீங்களாண்ணே?"

"எங்கே? அதுக்குள்ள காலரைப் புடிச்சுட்டா."

டீக்கடைக்காரர் பாய்ந்து வந்து பிளக்கைப் பிடுங்கினார். அப்புறம்தான் கூட்டம் மூச்சே விட்டது. ஆக, தெரு மொத்தமும் கூட்டுக் களவாணிகள். டிகிரிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"மச்சானுக்கு இடம் வேணும்னா மூஞ்சிக்கு நேரா கேளுங்க. ஏன் இந்தத் திருட்டுச் சாவி வேலை?"

"மச்சான் வேற ஊர்ல கடை போட்டு எவ்வளவோ நாளாச்சும்மா" என்றார் சாவிக்காரர். "சாவி வெட்டினது தப்புதான். ஆனா சொன்னா நீ கேக்குற ஆளா?"

"ஏன் கேக்கணும்? எரிஞ்சா எரியப்போறது என் கடை. காசு குடுக்கப்போறது கம்பெனிக்காரன். நடுவுல உங்களுக்கு எங்கே வலிக்குது?"

டெய்லர் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். சாவிக்காரர் கசங்கிய காலரை நீவி விட்டுக்கொண்டார். பிறகு இடுப்பிலிருந்து அந்த இரண்டாவது சாவியை எடுத்து, அவள் மேஜைமேல் வைத்தார்.

"நீ சொல்ற அந்தக் கம்பெனிக்காரன், சந்தா கட்டுற நாங்கதாம்மா. நீயுந்தான்."