கண்ணை மூடிய ஓட்டு

ஒருவர் முகம் பார்த்து மற்றவர் கை தூக்கக் கூடாது என்பதற்காக, இந்த இளைஞர் மன்றத்தில் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டுதான் ஓட்டுப் போடுவார்கள். மன்றத்தைத் தொடங்கியபோதே தலைவர் வைத்த சட்டம் அது. கைகளை எண்ணுவதற்காக அவர் கண் மட்டும் இத்தனை காலமும் திறந்தே இருந்தது. அறுபதைத் தாண்டிவிட்ட அவரை இனியும் வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்பதே இன்றைய கேள்வி. எண்ணும் வேலை செயலாளரிடம் போய்விட்டது. "ஓரக்கண்ணால பாக்காதீங்க தலைவரே, நீங்க போட்ட சட்டம்தான்," என்கிறான் அவன். பின்வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்து அடக்கிக்கொள்கிறாள். நரைத்த மீசையைத் தடவியபடி தலைவர் கண்ணை மூடுகிறார். தகரக் கூரையின் வெக்கையில் மின்விசிறி கடகடக்கிறது. "தலைவர் விலகணும்னு நினைக்கிறவங்க கை தூக்கலாம்." நாற்காலி ஒன்று கிரீச்சிடுகிறது. சட்டைகள் சரசரக்கின்றன, நாலு பேரா, நாற்பது பேரா, தெரியவில்லை. காதோரம் வியர்வை இறங்குகிறது. பக்கத்து நாற்காலியில் அவர் மகள். மன்றத்துச் சாவிக்கொத்தை எப்போதும் மணிக்கட்டில் கட்டியிருப்பாள். அவள் கை அசைந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். சத்தமில்லை. அவர் மூச்சு விடுகிறார். அப்போது சாவிகள் மெல்லச் சிணுங்குகின்றன. சிணுங்கியபடியே அவர் காதுக்கும் மேலே போய் நிற்கின்றன. "அப்பா, நான்தாம்ப்பா," என்கிறாள். "தெரியுதும்மா. அவன் எண்ணி முடிக்கிற வரைக்கும் இறக்கிடாத," என்கிறார் அவர், கண்ணைத் திறக்காமல்.