ராஜேஸ்வரி கேட்ட ஓட்டு

பல்கலைக்கழகத்தின் கொல்லிமலைக் கிளையிலிருந்து நாமக்கல்லுக்கு மாறிப் போக ஒரே ஓர் இடம் காலியானது. தவ்பீக்கும் ராஜேஸ்வரியும் மனுப் போட்டார்கள். கொண்டை ஊசி வளைவெல்லாம் வாந்தியெடுத்தே அலுத்துப்போன தவ்பீக்தான் சீனியர்.

அப்படியிருந்தும், ஊழியர் சங்கத் தேர்தலில் அவருக்காக மேசை மேசையாக ஓட்டுக் கேட்டவர் ராஜேஸ்வரி.

“நமக்காகப் பேச தவ்பீக் சாரை விட்டா ஆளில்லீங்க.”

தவ்பீக் செயலாளரானார். இந்த நல்ல மனுஷியையா சந்தேகப்பட்டோம் என்று கண் கலங்கினார்.

மறுவாரம் மாறுதல் உத்தரவு ராஜேஸ்வரிக்கு வந்தது.

“நான்தானுங்களே சீனியர்?” என்று அதிகாரியிடம் ஓடினார் தவ்பீக்.

“ஜெயிச்ச சங்கச் செயலாளரைப் பதவி முடியற வரைக்கும் மாத்தக்கூடாதுன்னு விதி இருக்குதுங்களே.”

மலைமேல் செம்மேடு பஸ் நிலையத்தில் சங்கத்தின் சார்பில் மாலை போட்டுப் பஸ் ஏற்றிவிட்ட தவ்பீக்கிடம் ராஜேஸ்வரி சொன்னார்:

“கவலைப்படாதீங்க சார். அடுத்த தேர்தலுக்கும் நானே வந்து ஓட்டுக் கேக்குறேனுங்க.”