ஒரு விரல் குறைகிறது

குளத்து நிர்வாகம் முழுவதும் அளவுக்கல்லின் கையில். அது சரி என்றால்தான் மதகு திறக்கும். வற்றிய வாய்க்காலில், சேற்றில் துடித்த கெண்டை மீன், "ஐயா, உயிர் போகுது. கொஞ்சம் தண்ணி விடுங்க" என்று கெஞ்சியது.

"பத்தடி நிரம்பினால்தான் திறக்கலாம். ஒரு விரல் குறைகிறது. சட்டம் சட்டம்தான்" என்றது கல்.

கரையில் நின்ற எருமைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இவனோட யாரு மல்லுக்கட்டுறது? அடியே, எல்லாரும் குளிக்க வாங்கடி" என்று ஏழு தங்கைகளையும் கூப்பிட்டது. எட்டு எருமைகளும் தொபீர் தொபீரென்று குளத்தில் விழுந்தன.

"பத்தடி" என்று கல் அறிவித்தது. மதகு திறந்தது. கெண்டை வாலை ஆட்டிக்கொண்டு பறந்தது.

"பார்த்தாயா? பொறுமையாக இருந்தால் எல்லாம் முறைப்படி நடக்கும்" என்றது கல்.

"ஆமாங்கய்யா" என்றது எருமை, மூக்கை மட்டும் வெளியே நீட்டி. "நாளைக்கும் குளிக்க வர்றோம்."