ஏறாத கூடை

"துரை கையெழுத்து இல்லாம கம்பத்துல கூடை ஏறாது. நீ எத்தனை தடவை கேட்டாலும் இதுதான் பதில்" என்றார் துறைமுக அதிகாரியான துரையின் தலைமை எழுத்தர் ஒஸோரியோ, தேநீரை ஊதிக்கொண்டே.

எதிரே தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான் செங். குன்றின் உச்சியில் இருந்த எச்சரிக்கைக் கம்பத்துக்குக் காவல் அவன்தான். மூங்கிலில் பின்னிக் கறுப்புத் தார் பூசிய பெரிய கூடையை அதில் ஏற்றினால், புயல் வருகிறது என்று அர்த்தம்.

"மணிலாவிலேர்ந்து தந்தி வந்திருக்குதுங்கய்யா. சாயங்காலத்துக்குள்ள அடிச்சிடுமாம்."

"தெரியும். நம்பர் போட்டு, பதிஞ்சு, துரை மேஜை மேல வச்சாச்சு. அவரு உள்ளான் குருவி சுடப் போயிருக்காரு. திங்கக்கிழமை வந்து பார்ப்பாரு."

"இன்னைக்கு சனிக்கிழமைங்கய்யா."

"அதுக்கு நான் என்ன செய்யட்டும்? போன வருஷம் நீயாவே கூடையை ஏத்தினே. புயல் வேற பக்கம் போயிடுச்சு. கூலிக்காரங்க ஒரு நாள் பூரா மூட்டை தூக்கலே. வியாபாரிங்க கவர்னர் வரைக்கும் போனாங்க. அதுக்கப்புறம் வந்த உத்தரவு இது."

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். சீனக் கரையில் ஆங்கிலேயர் ஆண்ட அந்தத் துறைமுகத்தில் மட்டும் யானை மிதித்துவிட்டுப் போன பிறகுதான் மணி அடிக்கும். ஒஸோரியோவுக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. போர்ச்சுகீசியர் ஆண்ட மக்காவ் நகரிலிருந்து வந்து இருபத்திரண்டு வருடமாக அதே நாற்காலியில் இருப்பவர். விதியை மீறி வேலையிழந்தவர்களைப் பார்த்திருக்கிறார். விதியைப் பிடித்துக்கொண்டு வேலையிழந்த ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை.

ஜன்னலுக்கு வெளியே விரிகுடா அசையாமல் கிடந்தது. அதில் நானூறு படகுகள். படகுக்காரர்களுக்குப் படகுதான் வீடு; சமையலும் அதில்தான், பிரசவமும் அதில்தான்.

"என் பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்க, எல்லாரும் அங்கதான் இருக்காங்க" என்றான் செங்.

"அப்போ போய்க் கூட்டிட்டு வந்துடு. ஒரு மணி நேரம் லீவு தரேன்." ஒஸோரியோ நிஜமான இரக்கத்தோடுதான் சொன்னார்.

"என் படகை நான் பார்த்துப்பேன். மத்தவங்க? ஒவ்வொரு படகா போய்ச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள காத்து வந்துடும்."

"கையெழுத்து வேணும்ப்பா."

செங் கெஞ்சவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு வாசல்வரை போனான். ஏதோ ஞாபகம் வந்தவன்போலத் திரும்பினான்.

"துரையோட வெள்ளைப் படகும் வெளியிலதான் நிக்குது. போன புயல்ல அதுக்கு ஒரு கீறல்கூட விழலே. இந்தத் தடவை உடைஞ்சிடும், பாவம்."

ஒஸோரியோவின் கோப்பை மேஜையில் இறங்கியது. துரை அந்தப் பாய்மரப் படகைப் பெண்டாட்டியைவிட நன்றாகப் பார்த்துக்கொள்வார் என்பது ஊரறிந்த விஷயம். போன புயலின்போது ஊரில்தான் இருந்தார். முந்தின நாளே படகை அலைத்தடுப்புச் சுவருக்குள் இழுக்கச் சொல்லிவிட்டார். கூடையை ஏற்றச் சொல்லத்தான் மறந்துவிட்டார்.

"அதை நகர்த்த யாரு கையெழுத்துங்கய்யா வேணும்?"

"ஒருத்தர் கையெழுத்தும் வேண்டாம். அது சர்க்கார் விஷயமில்லே." பரபரவென்று ஒரு சீட்டு எழுதினார். "நீராவிப் படகுல கட்டி, உள்ளே இழுத்து விடச் சொல்லு. சீக்கிரம்."

"ஓரமா போனா பாறை இருக்குது. நடு விரிகுடா வழியா மெதுவா போகட்டும்னு எழுதிடுங்கய்யா."

"கெட்டிக்காரன்தான் நீ" என்று அதையும் எழுதிக் கொடுத்தார்.

மதியம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு ஜன்னலுக்கு வந்தார். காற்று லேசாக எழும்பியிருந்தது. வெள்ளைப் படகு அலைத்தடுப்புக்குள் பத்திரமாக நின்றது. அதைச் சுற்றி, நெருக்கியடித்துக்கொண்டு, நானூறு படகுகள். வெளியே விரிகுடா துடைத்துவிட்டதுபோலக் காலி. குன்றின் மேல் கம்பம் மொட்டையாகத்தான் நின்றது.

பின்னால் செங் வந்து நின்றான்.

"கூடையே ஏறலியேடா. இவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"படகுக்காரங்க கம்பத்தை நிமிர்ந்து பார்த்தே ஏழு வருஷமாச்சுங்கய்யா. துரை படகை உள்ளே இழுத்தா, நாங்களும் உள்ளே போயிடுவோம்."

"அப்போ காலையிலேர்ந்து கூடை, கூடைன்னு எதுக்கு என் உயிரை வாங்கினே?"

"நேரா வந்து படகைக் கேட்டிருந்தா" என்றான் செங், தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டே, "அதுக்கும் துரை கையெழுத்து கேட்டிருப்பீங்களே, ஐயா."